டைகிரிஸ் கரையில் போட்ட வாய்க்கரிசி

குண்டு விழுகிறது. முதலில் நீளமாக ஒரு விசில் சத்தம். பிறகு ஒரு அதிர்வு. வாயெல்லாம் மண். வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போடக் கடல் கடந்து வந்த டைகிரிஸ் ஆற்றங்கரை. மாசி மாதம், வெள்ளிக்கிழமை, காலைக் கஞ்சி நேரம். என் தங்கை மக்கள் இருவரும் சற்றுத் தள்ளிப் பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"குனிங்கடா! குனிங்க!"

சோணை குனிந்தான். முத்து என் குரல் கேட்டுத் திரும்பினான். அடுத்த விசில். புகை அடங்கியபோது இரண்டு பேருக்கும் மூச்சு இல்லை.

எங்கள் துரை அப்போது கூடாரத்தில் சவரம் செய்துகொண்டிருந்தான். பாதி முகத்தில் சோப்போடு வந்தான். குழி ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்டான். பெரிய வீரன்! வெட்டிய குழியிலேயே போட்டு மூடச் சொன்னான். மூடினேன். அதற்கு முன் மாமன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் மூடினேன்.

சண்டை முடிந்தது. ஊர் வந்தேன். திருக்கோஷ்டியூருக்குக் கிழக்கே எங்கள் ஊர். சாவுச் செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. சிவகங்கையிலிருந்து ஓர் அதிகாரி வண்டி கட்டிக்கொண்டு வந்து, தங்கை பொன்னாத்தா கையில் பிள்ளைகள் பெயர் பொறித்த இரண்டு பித்தளை வில்லைகளைக் கொடுத்தாராம். ராஜாவுக்காக உயிரைக் கொடுத்த பிள்ளைகளைப் பெற்றவள் அழக்கூடாது என்றாராம். அந்த ராஜா யாரென்று அவளுக்குத் தெரியாது. ராஜாவுக்கும் அவளைத் தெரியாது. பிள்ளைகளுக்குச் சட்டி நிறையச் சோறு, காலுக்குப் பூட்ஸ் என்று ஆசை காட்டிப் படைக்குச் சேர்த்துவிட்ட மணியக்காரர், பக்கத்தில் நின்று துண்டால் கண்ணைத் துடைத்தாராம். தூ!

அவள் அழவே இல்லை. கருமாதியும் செய்ய விடவில்லை. தினமும் இரண்டு இலை போட்டுச் சோறு வைத்தாள். தான் ஒரு கவளத்துக்கு மேல் இறக்கவில்லை. எலும்பும் தோலுமாக இருந்தாள். புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள் ஊரார். மடையர்கள். எங்கள் பக்கத்தில் வாய்க்கரிசி விழாத உயிர் பசியோடு அலையும் என்று நம்புகிறோம். அவள் பயமெல்லாம் அதுதான்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? அவளே கேட்டாள்.

"வாக்கரிசி யாருண்ணே போட்டாக?"

"நாந்தான் ஆத்தா. அரிசி இல்ல. பட்டாளத்து ரொட்டிய நுணுக்கி, ரெண்டு பேரு வாயிலயும் மும்மூணு தரம் போட்டேன்."

"வாயி நல்லாருந்துச்சா?"

"ரெண்டு பேரு மொகத்துக்கும் ஒண்ணும் ஆகல. தூங்குற மாதிரித்தான் இருந்தாங்க."

"எம்புள்ளைக பசியோட போகலைல?"

"போகல ஆத்தா."

அப்போதுதான் அழுதாள். என் தோளில் விழுந்து, மாரில் அறைந்துகொண்டு, ஊரே கேட்க அழுதாள். நானும் அழுதேன். பட்டாளத்துக்காரன் அழுவதா என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. பார்க்கட்டும்.

மணியக்காரர் ஓடி வந்தார். மறுபடி அதிகாரி வருகிற நாளாம். இப்படி ஒப்பாரி வைத்தால் ஊருக்குக் கௌரவக் குறைச்சலாம். பித்தளை வில்லைகளை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

"ஒங்க வீட்டுல மாட்டிக்கங்க. அங்குட்டுப் போங்க."

போனார்.

மறுநாள் கருமாதி நடந்தது. பொன்னாத்தா ஒரு வட்டில் சோறு தின்றாள்.

இழந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரிலிருந்து கப்பல் ஏறியவர்கள் ஏழு பேர். திரும்பியவன் நான் ஒருவன், ஒரு காது செவிடாகி. பொன்னாத்தாவுக்குப் பிள்ளைகள் இரண்டு. இரண்டும் போயின. மணியக்காரருக்கு ஆண்பிள்ளைகள் நான்கு. நான்கு பேரும் சௌக்கியம்.