சனி கிரகத்துல ஒரு ஜோடி

ஆங், புரியுது சார். நீங்க புரொட்யூசர், காசு போடறவரு. கத சூப்பர், அந்த ரெண்டு ஆம்பளைங்க மட்டும் உறுத்தறாங்க. சொல்லுங்க, க்யூ நகர்றதுக்கு நேரம் இருக்குது. அந்தத் தட்ட இப்டி குடுங்க. சாமி பாதத்துல வைக்கறதுக்கு முன்னாடியே ஸ்கிரிப்ட் மேல தேங்கா உருண்டுகினு இருக்குது.

நான் ஒண்ணு கேக்கறேன். சனி கிரகத்துல எட்டு கண்ணு ஜந்து ஒண்ணு வந்து நம்ம பள்ளிப்பட்டு ஊர்த் தமிழ்ல பேசுது. நம்பிட்டீங்க. செத்துப்போன ஹீரோ இன்டர்வெல்லுக்கு அப்பால உயிரோட நடந்து வர்றான். கை தட்டினீங்க. விண்கப்பல் இன்ஜினப் பாத்துக்கற பரசுராமனும் குமரேசனும் ஒண்ணா குடும்பம் நடத்தறாங்கன்னா மட்டும் ஜனங்க நம்ப மாட்டாங்களா? லாஜிக் இடிக்குதா?

அவங்க ஏன் இப்டின்னு ஒரு ஃப்ளாஷ்பேக்கா? எதுக்கு? அந்த ஜந்துக்கு ஏன் எட்டு கண்ணுன்னு கேட்டீங்களா? ஓ, இல்லன்னா ரெண்டுல ஒருத்தன சாவடிச்சிடணும். நல்ல மனசு சார் உங்களுக்கு. அவங்க இன்னா பண்ணாங்க, பாவம்? கப்பல்ல காத்து லீக்காவுது. அந்த நேரத்துலயும் ரைஸ் குக்கர ஏன் ஆஃப் பண்லன்னு சண்ட போட்டுகினு இருக்காங்க. அவ்ளோதான் சீனு. முத்தம் கெடையாது, பொரட்சி வசனம் கெடையாது.

மெதுவா பேசணுமா? வள்ளிய லவ் பண்ணிக் கட்டிகினு வந்த சாமியோட மல சார் இது. அவரு ஒண்ணும் பயந்துட மாட்டாரு.

அண்ணன் தம்பின்னு மாத்திட்டா இன்னிக்கே பூஜ, இல்லன்னா படமே இல்லியா? ஸ்கிரிப்ட்ல திருத்தறதுக்குப் பேனாவே எடுத்துட்டீங்களா? எனக்கு மொதப் படம் சார். இதுக்காவ எத்தினி கம்பெனி வாசல்ல நின்னுருக்கேன்.

இருங்க, அர்ச்சனைக்குப் பேரு கேப்பாங்க. உங்க பேருக்கு அப்பால டில்லிபாபுன்னு ஒண்ணு சேத்துக்கலாம். ஆங், ஸ்டேஷன்லேந்து உங்கள கார்ல கூட்டிகினு வந்தாரே, அவருதான். அந்த ரைஸ் குக்கர் சண்ட போன வாரம் எங்க ஊட்ல நடந்தது. தப்பு அவன் மேலதான், இன்னும் ஒத்துக்கல.

எனக்குத் தம்பியான்னா? ஆங், ஊட்டு ஓனரம்மாகிட்ட அப்டித்தான் சொல்லியிருக்கேன். குருக்கள்கிட்டயும் அப்டித்தான். இல்லன்னா இங்க யாரு சார் எங்களுக்கு வாடகைக்கு ஊடு குடுப்பாங்க?

பேனாவ உள்ள வச்சிக்குங்க. சனி கிரகத்துக்குப் போயும் அவன் எனக்குத் தம்பியாவே இருக்கணுமா சார்?