நரிக்குப் போட்ட ஈரல்

கண்டிப்புக்கும் கனிவுக்கும் பெயர்போன தலைவர் அவர்களே! கத்தி பிடித்துக் காய்த்துப்போன கைகளை உடைய கறிக்கடைச் சங்கத்துப் பெரியவர்களே! எங்கள் சட்டைக் கறையோடு தினமும் மல்லுக்கட்டும் தாய்மார்களே! முன்வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் என் தங்கையே! அனைவருக்கும் வணக்கம்.

சுத்தத்தைப் பற்றிப் பேசச் சொல்லி மேடையேற்றினீர்கள். பேசுகிறேன். ஆனால் இன்று எனக்குக் கைதட்டல் வேண்டாம்.

இருபது ஆண்டுகளாக ஆடு அறுக்கிறேன். ஈரலைப் புரட்டினால் சில நேரம் வெள்ளை வெளேரென்று ஒரு நீர்க்கட்டி இருக்கும். அதை விற்றேனா? இல்லை! மறைத்துக் கொடுத்தேனா? இல்லவே இல்லை! வெட்டி எடுத்தேன், அறுப்புக்கூடத்தின் பின்கதவைத் திறந்தேன், விசிலடித்தேன். புதரிலிருந்து நரி வந்தது. தூக்கிப் போட்டேன். கெட்டதை மனிதருக்குக் கொடுக்காத மகாயோக்கியன் என்று மீசையை முறுக்கிக்கொண்டேன்!

அதோ, "நல்ல காரியந்தானே"ன்னு ஒருத்தர் கேக்கறாரு. நானும் அப்படித்தான் ஐயா நினைத்தேன்!

அந்தக் கட்டிக்குள் இருந்தவை நாடாப்புழுவின் குஞ்சுகள். நரி தின்றது, அதன் குடலில் புழு வளர்ந்தது, புழுவின் முட்டை, நரியின் கழிவோடு மண்ணில் விழுந்தது. எந்த மண்? மதிலுக்கு அப்பால் என் தங்கை முள்ளங்கி போட்டிருக்கும் மண்! பிடுங்கிய முள்ளங்கியைத் துணியில் துடைத்து அப்படியே கடிப்பாள். கண்ணுக்குத் தெரியாத முட்டை கையில் ஏறியது, வாயில் இறங்கியது, ஈரலில் குடியேறியது. ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்ந்தது.

போன வாரம் டாக்டர் என் தங்கையின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். எலுமிச்சம்பழ அளவு கட்டி. நான் வெட்டி எறிந்தேனே, அதே கட்டி!

"ஏம்மா, வீட்ல நாய் இருக்கா? நரி கிரி வருமா?"

"நாய் இல்ல டாக்டர். நரி வரும். ஏன் வருதுன்னுதான் தெரியல."

தெரிந்தவன் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறந்தேனா? ஊரெல்லாம் முழங்கும் இந்த வாய், அன்று ஊமையாகிவிட்டது.

நாளைக் காலை எட்டு மணிக்கு அவளுக்கு அறுவை சிகிச்சை. கட்டி உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து என்கிறார்கள். அதற்குமுன் அவளுக்கு உண்மை தெரிய வேண்டும். தனியாகச் சொல்லத் துப்பில்லாமல்தான் உங்கள் முன்னால் சொல்கிறேன். தங்கச்சி, நரிய வரவழைச்சது நான்தான்!

தோழர்களே, நரியை அடிக்கக் கிளம்பாதீர்கள். அது கூப்பிட்டதால் வந்தது. கட்டியுள்ள ஈரலை எரியுங்கள். கையைக் கழுவுங்கள், காயைக் கழுவுங்கள். இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் பின்கதவைத் திறக்கிறீர்கள்? ஏன் தலையைக் குனிகிறீர்கள்? இதோ என் பின்கதவுச் சாவி, தலைவர் மேசையில் வைக்கிறேன்.

என்னம்மா? ஏன் எழுந்துட்டே? சத்தமாச் சொல்லு...

பெரியோர்களே, அவள் என்ன கேட்கிறாள் தெரியுமா? "அன்னிக்கே சொல்லியிருந்தா, பாப்பாவையும் பாத்திருப்பாங்களே அண்ணா! அவளும் அதே முள்ளங்கியத்தானே தின்னா?"

ஐயோ! எனக்கு இது தோன்றவே இல்லையே!

தலைவர் அவர்களே, மன்னியுங்கள். மருத்துவமனையில் ஆறு மணி வரைதான் பார்ப்பார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் ஓட வேண்டும். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. சாவி வைத்திருப்பவர்கள், நான் போனபிறகாவது ஒவ்வொருவராக மேடைக்கு வாருங்கள். வணக்கம்!