அண்ணன் பெயரில் விழுந்த சீட்டு

நான் மறதிக்காரன் இல்லை இன்ஸ்பெக்டர் சார். நான்கு வருடங்களில் அண்ணனுக்கு ஒரு வேளை மாத்திரைகூடத் தவறியதில்லை. காலி அட்டைகளை எடுத்து வைத்திருக்கிறேன், பாருங்கள்.

அண்ணி இறந்தபின் ஆதிநாராயணன் அண்ணன் பேச்சையும் சோற்றையும் விட்டுவிட்டார். பொன்னேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டாக்டர் நல்ல மனிதர். முதல் நாளே சொல்லிவிட்டார்: "மாத்திரை பாதி வேலைதான்பா செய்யும். படகுல கூட்டிட்டுப் போ, நாலு பேரோட பேச வை. மீதி அதுலதான் சரியாகும்." தலையாட்டினேன். அதன்பின் மாத்திரை வாங்க நான் மட்டும் போனேன்.

பழவேற்காடு ஏரியில் எங்கள் ஊர்க்காரர்கள் நினைத்தபோது இறால் வலை போட முடியாது. ஆளுக்கொரு முறை உண்டு. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். பாடு என்று பெயர். அண்ணன் குணமாகும் வரை அவருடைய பாடு முறைக்கும் நானே போகலாம் என்று ஊர் சொன்னது. இரண்டு பாடு சீக்கிரம் பழகிவிடுகிறது.

மூன்றாம் மாதமே மாத்திரை தன் பாதியைச் செய்துவிட்டது. தூங்கினார், சாப்பிட்டார், வலையை எடுத்துப் பிரித்துப் பார்த்தார்.

அப்போதுதான் ஊரில் சொன்னேன்: அவரிடம் யாரும் பேசக்கூடாது, பேசினால் வியாதி திரும்பிவிடும், டாக்டர் சொல்லிவிட்டார். அவர் கூட்டாளி சரவணன் மட்டும் வாசலில் நின்று, "இன்னா நைனா, புது மாப்ள மாதிரி உள்ளயே குந்திகினு கீற?" என்பான். அவனுக்கும் தனியாக விளக்கினேன். அழுதான். பிறகு வரவில்லை.

அண்ணனிடம், ஊருக்கு நீ வேண்டாமாம் என்றேன். அவர் நம்பவில்லை.

போன மாதக் குலுக்கலுக்கு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவரே வந்துவிட்டார். மூன்றாவது சீட்டு அவர் பெயரில் விழுந்தது. கையைத் தூக்கி, "நான் கீறேன். நானே போறேன்" என்றார்.

நாற்பது பேரும் மணலைப் பார்த்தார்கள். சரவணனும்தான். அவர் நன்மைக்காக. என் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மறுநாள் காலை அவரை ஏரியிலிருந்து எடுத்தோம்.

அவரோடு பேச ஒருவர்கூட இல்லையா என்று கேட்டீர்கள். நான் இருந்தேன் சார். குலுக்கல் முடிந்து வீடு வரும்வரை அவர் தோளில் கை போட்டுக்கொண்டுதான் வந்தேன்.

"பாத்தியாண்ணா," என்றேன். "நான்தான் சொன்னேனே."