நாலாம் பக்கத்தில் ரெண்டு பெட்டி

இல்ல தங்கச்சி, நீங்க டைப் பண்ற எங்கட குடும்ப மரத்துல நாலாம் பக்கத்துல இருக்கிறது பிழையில்ல. தெரிஞ்சுதான் ரெண்டு தரம் எழுதினன். நீங்க அழிச்ச பெட்டியத் திரும்பப் போடுங்க. ஓம், ரெண்டுலயும் ஹுனைஸ் எண்டுதான் வரணும். ஓம், நாந்தான் ஹுனைஸ்.

கொஞ்சம் இருங்க, முதல்ல மேல பாப்பம். இது உம்மாட வாப்பா. அவருக்குக் கீழ பொம்புளப் பிள்ளைகள்ற பேரும் இருக்கு, அத வெட்டிராதீங்க. பழைய ஆக்கள்கிட்ட கேட்டா ஆம்புளப் பேர மட்டுந்தான் சொல்லுவாங்க. புத்தளம் பக்கம் தில்லையடி, கனமூலை, கல்பிட்டி எண்டு ரெண்டு வருசம் வீடு வீடா அலைஞ்சு எடுத்தது.

தொண்ணூறுல முஸ்லிம் சனத்த இயக்கம் விரட்டி, மன்னார விட்டு வரக்குள்ள ஆருக்கிட்ட என்ன கடதாசி மிஞ்சிச்சு? உம்மாக்கிட்ட ஒண்டே ஒண்டு. உடுப்புச் சுருட்டுக்குள்ள ஒரு பிறப்புப் பத்திரம். அத வெச்சுத்தான் நான் பள்ளிக்கூடம் போனன், அடையாள அட்டை எடுத்தன், கலியாணம் எழுதினன். வகுப்பில எப்பவும் நாந்தான் ஆகக் கட்ட. எண்பத்தெட்டுல பொறந்த பொடியனா இது எண்டு படிப்பிக்கிற சேர்மார் சிரிப்பாங்க.

உம்மாவா? போன நோன்போட மௌத்தாயிட்டாங்க. பாவம். ஒண்டு மட்டும், என்னப் பேர் சொல்லிக் கூப்பிடவே மாட்டாங்க. மகன் எண்டுதான். நானும் அது பாசம் எண்டு இருந்திட்டன்.

உயிரோட இருக்கக்குள்ள இந்தப் படத்த முதல்முதலா அவங்களுக்குத்தான் காட்டினன். மேலருந்து விரல வெச்சு வெச்சு வந்தாங்க. ஹுனைஸ்ட பெட்டியில விரல் நிண்டிச்சு. இது அவன், உன்ட பெட்டி எங்க மகன் எண்டு கேட்டாங்க. புத்தி தடுமாறுது எண்டு நெனச்சன். இல்ல, தெளிவாத்தான் இருந்தாங்க.

எனக்கு முந்திப் பொறந்த காக்கா ஒருத்தர் இருந்திருக்கார், உம்மாட மூத்த மகன், அவர்தான் ஹுனைஸ். வள்ளத்துல வரக்குள்ள காய்ச்சல். ரெண்டு வயசு. கல்பிட்டிக் கரையில இறக்கி அண்டைக்கே அடக்கியிருக்காங்க. நான் அப்ப உம்மாட வயித்துல. அகதி முகாமுல பொறந்தன், பதிவு ஒண்டும் இல்ல. பள்ளிக்கூடத்துல கடதாசி கேட்ட நேரம் அவர்ட பத்திரத்தக் குடுத்திருக்காங்க. தெரிஞ்ச ஆக்களும் வாய் தொறக்கல்ல.

இப்ப ஆராவது ஹுனைஸ் எண்டு கூப்பிட்டா நான் உடன திரும்ப மாட்டன். பயம் தங்கச்சி. எனக்கு முந்தி வேற ஒருத்தர் திரும்பிருவாரோ எண்டு.

அதுதான், முதல் பெட்டியில எண்பத்தெட்டு, தொண்ணூறு எண்டு போடுங்க. ரெண்டாவதுல தொண்ணூத்தொண்டு. என்ட பொஞ்சாதி பிள்ளைகள்ற கோடு அதிலருந்து இறங்கட்டும். பெருநாளைக்குக் குடும்பமெல்லாம் கூடுது. அப்பிடி ஒரு புள்ள இருந்ததெண்டு எல்லாரும் பாக்கணும்.

புத்தகத்துட அட்டையிலயா? எழுதினவர்ட பேரா?

காக்காட பேரையே போடுங்க. இவ்வளவு காலமும் எல்லாம் அவர்ட பேர்லதானே செஞ்சன்.