அத்தை கேட்டால்

"ஹலோ… ஹலோ அண்ணி, நான்தான் லோசேலி… ஆமா, ஆமா, அவர் வந்துட்டாரு… வேன் மட்டும் வந்திருக்கு அண்ணி, லுபே வரல… இல்ல, அவர்கிட்ட கேக்கறதுக்குள்ள பன்னிப் பட்டிப் பக்கம் போயிட்டாரு. முகத்தைக்கூடக் காட்டல. அதான் உங்களுக்கே போட்டேன்."

லோசேலியின் ஒரு கை தேங்காய்ப்பாலில் நனைந்திருந்தது. நாத்தனார் லவீனியாவும் அவள் புருஷனும் பிள்ளைகளும் ஆக்லாந்திலிருந்து கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வவாவு தீவுக்கு வந்து, தின்று, நீந்தி, தூங்கி, ஒருவழியாக இன்றைக்குத்தான் கிளம்பியிருந்தார்கள். விமானத்தில் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று பூமாலைகளோடு வேனில் ஏறிய மகள் லுபே திரும்பி வரவில்லை.

"ஓ… சரி அண்ணி… சரி… தலைநகர் வரைக்குமா? ரெண்டு நாள் சுத்திக் காட்டவா?… நல்லதுதான். பாவம், அவளும் நுக்குவாலோஃபா பார்த்ததில்ல. அப்போ வெள்ளிக்கிழமை கப்பல்ல ஏத்தி விட்டுடுவீங்க இல்ல?… அண்ணி?… காகிதமா? என்ன காகிதம்?… இல்ல, சரியா கேக்கல, திருப்பிச் சொல்லுங்க…"

நன்றாகத்தான் கேட்டது. கேட்காததுபோல் நிற்க அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"ஆக்லாந்துக்கா… அதுக்குத்தான் காகிதமா… ம்… ஆமா… ஆமா, பள்ளிக்கூடம் நல்லாத்தான் இருக்கும், நான் இல்லன்னு சொல்லலையே… நீங்க அவளுக்கு அத்தை. நீங்க கேட்டா மாட்டேன்னு சொல்ல நாங்க யாரு?… அவரும் சரின்னு சொல்லிட்டாரா? எங்க வெச்சு?… ஏர்போர்ட்லயேவா. வாயால சரின்னாரா, தலையாட்டினாரா?… தலைதான் ஆட்டினாரு. அதானே பார்த்தேன்."

லோசேலியின் புருஷன் கெலேபி வேறு என்ன செய்வான்? அப்பனோடு பிறந்தவள் வாய் திறந்து கேட்டுவிட்டால் பாயோ பன்றியோ பிள்ளையோ, எடுத்துக் கொடுத்தே ஆகவேண்டிய ஊர் இது. அக்காள் படுக்கும் கூரையின் கீழ் தம்பி படுக்கக்கூடாது என்று, விடுமுறை முழுக்கப் படகுக் கொட்டகையில் கொசுக்கடியில் கிடந்தவன் அவன். அந்த மனுஷனா அக்காள் முகத்தைப் பார்த்து மறுத்துப் பேசப்போகிறான்?

லோசேலி இதற்கெல்லாம் தயாராகத்தான் இருந்தாள். நாத்தனார் வருகிறாள் என்று தெரிந்த அன்றே நல்ல பாய்களை மெத்தைக்கடியில் செருகினாள். தையல் மெஷினைப் பாதிரியார் வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். கொழுத்த பன்றிகளைப் பக்கத்துத் தோட்டத்துக்கு விரட்டிவிட்டாள். ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

"…யாரு, நானா? நான் எப்போ தர்றேன்னு சொன்னேன்?… ஞாயித்துக்கிழமை விருந்துலயா… ஐயோ அண்ணி. 'லுபே இல்லன்னா என் வீடு ஓடாது'ன்னேன். அவ்வளவுதானே சொன்னேன்?… ஆமா, 'பொன்னு மாதிரி பொண்ணு'ன்னும் சொன்னேன். எல்லார் எதிர்லயும்தான் சொன்னேன்… ஆமா, தெரியும். தெரியும் அண்ணி, புகழ்ந்தா எடுத்துக்கோன்னு அர்த்தம். பெருமையில வாய் தவறிடுச்சு. தப்புதான்."

சொல்லிக்கொண்டே நெற்றியில் அடித்துக்கொண்டாள். அத்தை முன்னால் எதையும் புகழாதே என்று பிள்ளைகளுக்குத் தினமும் பாடம் நடத்தியவள் அவள். பாயை ஒளித்தாள், பன்றியை ஒளித்தாள், பெற்ற பெண்ணைப் பந்தியில் நிறுத்தி ஏலம் போட்டுவிட்டாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. உங்களுக்கு நாலு பிள்ளைங்க. எனக்குப் பொண்ணுன்னு இவ ஒருத்திதான்… இல்ல, மரியாதை இல்லாம பேசல… சரி, பேசிட்டேன், மன்னிச்சுக்குங்க… படிக்க வைப்பீங்க, சரி. ராத்திரி நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா கடைக்குட்டியை யார் பார்த்துக்குவா?… நான் ஏன் அப்படி நினைக்கறேன்னா, நீங்களேதான் சொன்னீங்க. பிள்ளையைப் பார்த்துக்க ஆள் கிடைக்கலன்னு, கடல்ல கால் நனைச்சுக்கிட்டே சொன்னீங்க… சத்தம் போடல அண்ணி. என் குரலே இப்படித்தான்."

மறுமுனையில் லவீனியா விடாமல் பேசினாள். லோசேலி ஆமா, ஆமா என்றாள். உள்ளே கோபம் கொதித்தது.

"…அவகிட்ட போனைக் குடுங்க… ஏன்?… ஒரு நிமிஷம் பேசினா விமானம் என்ன ஓடியா போயிடும், இன்னும் வரவே இல்லன்னீங்களே… அழறாளா?… அண்ணி, அழறாளான்னு கேட்டேன்."

பதில் சுற்றி வளைத்து வந்தது. அவள் அதைக் கேட்கவில்லை. ஜன்னல் வழியாக எதிர்வீடு தெரிந்தது. அங்கே எலெனோவா தன்னந்தனியாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் பெரியத்தை. லவீனியாவுக்கும் கெலேபிக்கும் அப்பனோடு பிறந்த சொந்த அத்தை. தம்பி வீட்டில் லவீனியா எப்படியோ, லவீனியாவுக்கு இவள் அப்படி.

"அண்ணி, கொஞ்சம் இருங்க. வெச்சிடாதீங்க… இல்ல, அழல. தேங்காய்ப்பால் பொங்குது. இருங்க, வந்துட்டேன்."

செருப்புகூடப் போடாமல் ரோட்டைத் தாண்டினாள். வாசலிலேயே தரையில் உட்கார்ந்து, போனை மார்போடு அழுத்தி மூடிக்கொண்டாள்.

"பெரியத்தை, லுபேயை ஆக்லாந்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க. உங்க லவீனியாதான். நீங்க அவளைக் கேளுங்க. 'பொண்ணு எனக்கு வேணும்'னு ஒரே ஒரு வார்த்தை. சும்மா சொன்னா போதும்."

எலெனோவா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டுப் போனை வாங்கினாள்.

"யாரு, லவீனியாவா?… ம், இருக்கேன்… பிஸ்கட் டப்பா வந்துச்சு, நீதான் வரல… பரவால்ல, பரவால்ல. அந்தப் பொண்ணை இங்க அனுப்பு… எனக்குத்தான். எனக்கு வேணும்… படிப்பு இங்கயும் இருக்கு… டிக்கெட் வாங்கினா வாங்கினதுதான், அதுக்கு நான் என்ன பண்ண?… லவீனியா, உங்கப்பன்கூடப் பொறந்தவ கேக்கறேன்… ம்… ம். நல்ல பொண்ணு. பத்திரமா போயிட்டு வா."

அவ்வளவுதான். இத்தனை நேரம் கெஞ்சியும் நடக்காதது இரண்டு உறுமலில் முடிந்தது. லோசேலி பெரியத்தையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். போனை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

"அவ படுக்கையை அந்த ஜன்னல் ஓரமாப் போடு," என்றாள் எலெனோவா. "துணிமணியையும் கொண்டு வந்துடு."

"பெரியத்தை… நான் சும்மா ஒரு பேச்சுக்குத்தான்…"

"கேக்கறதுல சும்மா என்ன இருக்கு? கேட்டேன், குடுத்துட்டா." குரலில் கோபம் இல்லை. மடித்த துணிகளை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றி, கீழ்த்தட்டைக் காலி செய்யத் தொடங்கியிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை லோசேலி இதுவரை பார்த்ததில்லை. போனைக் காதில் வைத்தாள்.

போனில் விசும்பல் கேட்டது.

"லுபே?… அழாதடி… ஆமா, போக வேண்டாம். போக வேண்டாம்னு ஆயிடுச்சு. அப்பா இப்போ வேனை எடுத்துட்டு வருவாரு, நிழல்ல நில்லு… அத்தைக்கு முத்தம் குடுத்து அனுப்பு, கோவம் காட்டாதே… ஆமா… ஆமா… இல்லடி. நம்ம வீட்டுக்கு இல்ல. எதிர்ல, பெரியத்தை வீட்டுக்கு… இல்ல, இன்னிக்கு மட்டும் இல்ல… அவங்க கேட்டுட்டாங்க லுபே… யாரு கேக்கச் சொன்னாங்கன்னா… நான்தான். நான்தான் கேக்கச் சொன்னேன்… பார்க்கலாம்டி, தினமும் பார்க்கலாம், ரோட்டுக்கு அந்தப் பக்கம்தானே. நீ சாப்பிட்டியா, தூங்கினியான்னு இங்கிருந்தே தெரியும்…"

விமானத்தின் இரைச்சல் குறுக்கே வந்தது. அவள் குரலை உயர்த்தினாள்.

"லுபே, கேளு… கேக்குதா? வேன்ல இருந்து இறங்கினதும் நேரா அங்க போயிடு. நம்ம வீட்டுக்குள்ள வராதே. தண்ணி குடிக்கறேன்னுகூட வராதே… ஏன்னா… நீ வந்துட்டா நான் உன்னைத் திருப்பி அனுப்ப மாட்டேன்டி… ஹலோ… லுபே… ஹலோ…"

லைன் போய்விட்டது.