சின்னவள் வீட்டுப் பிரிண்டர்

— தாள் விழுந்திட்டா இல்லையா எண்டு இஞ்ச இரிந்து எனக்கு எப்பிடித் தெரியும்? பிரிண்டர் இரிக்கிறது தங்கச்சிட வீட்டுல. ஒவ்வொரு தரமும் வேலியடிக்கு ஓடி எட்டிப் பார்க்கவா சொல்லுறீங்க?

— கோவப்படாத கம்சா. ஒரு நிமிசம். பிரிண்டர் வயர் ஆர்த்திகாட லெப்டொப்புல பூட்டியிரிக்கி. அவட மெஷினில 'எல்லாருக்கும் பகிர்' எண்டதுக்குச் சரி போட்டு விட்டிட்டன். ரெண்டு வீட்டுக்கும் வைஃபை ஒண்டுதானே. உன்ட மெஷினுக்கு அந்த அட்ரஸக் குடுத்திட்டன். இனி நீ இஞ்ச அடிச்சா அங்க வரும்.

— அதத்தான் நானும் சொல்லுறன். அடிக்கிறது நான், வாறது அவளுக்கு. இந்த வளவுல அவள் பொறந்த நாளையில இரிந்து இதுதானே நடக்கு.

— தொடங்கிட்டாய்.

— தொடங்கத்தான் செய்வன். சுவிஸில இரிந்து தம்பி டிலக்சன் பிரிண்டர் அனுப்பக்குள்ள என்ன சொன்னவன்? 'அம்மா இரிக்கிற வீட்டுல வைங்க' எண்டு. பின்னேரம் ரியூசன் குடுக்கிறது நான். கேள்வித்தாள் அடிக்கிறது நான். அவள் என்னத்த அடிக்கப்போறாள்? நேர்சரிப் புள்ளையளுக்கு முயல் படம்.

— முயலுக்கும் தாள் வேணுந்தானே.

— பகிடி விடாதீங்க.

— சரி, விடல்ல. இஞ்ச பாரு, எங்கட ஒபிஸில கழிச்சி விட்ட மெஷின் ரெண்டும். வின்டோஸ் போட்டா மூச்சு வாங்கும். லினக்ஸ் போட்டபடியாத்தான் இண்டைக்கும் ஓடுது. பிரிண்டர் சேர்க்கக்குள்ள மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பொறு.

— கழிச்சி விட்டதுலயும் நல்லதத்தானே அவளுக்குக் குடுத்தீங்க.

— ரெண்டும் ஒரே சாமான்தான்.

— அவட திரை பெரிசு.

— அளந்து பார்த்தியா?

— கண்ணால அளந்தன். அது போதும்.

— நான் ஒண்டு சொல்லட்டா? இந்த மேசைய அந்தச் சும்மா கிடக்கிற அறைக்குள்ள போட்டா, ரவுட்டரும் கிட்ட, காத்தும் வரும்.

— அந்த அறையில கை வைக்காதீங்க. அது அம்மாட.

— அம்மா இரிக்கிறது சின்னவள் வீட்டுல. நம்மட கலியாணத்துக்கு இந்தப் பெரிய வீட்ட உனக்கு எழுதித் தந்திட்டு, ஆர்த்திகாவக் கூட்டிக்கிட்டுப் புதுவீட்டுக்குப் போனவ. அதுக்குப் பிறகு ஒரு ராவும் இஞ்ச படுக்கல்லையே.

— ஓம், வீட்டத் தந்தா. அவ போயிட்டா. ஓட்டையும் சுவரையும் வெச்சிக்கிட்டு நான் என்ன செய்ய? பகல்ல வாறா, பின்வாசல்ல நிக்கிறா, முருங்கக்கீரைய ஆயிறா, விளக்கு வெக்கிற நேரம் 'சின்னவள் தனிய இரிப்பாள்' எண்டு போயிடுறா. நானும் அந்த அறைய ஒவ்வொரு வெள்ளிக்கும் கூட்டி, துடைச்சி, கட்டில் விரிப்பு மாத்தித்தான் வெச்சிரிக்கன்.

— வந்து படுங்க எண்டு நீ ஒரிக்காவாவது கூப்பிட்டியா?

— இது என்ன கதை? அவ கட்டின வீட்டுக்கு அவவ நான் கூப்பிடுறதா? விருந்தாளியா அவ? மனமிரிந்தா வருவா. மனம் அங்க இரிக்கி. வாவி நண்டு வாங்கினாலும் கால் பெருத்ததெல்லாம் அங்கதான் போகுது. எனக்கு வாறது ஓடும் குழம்பும்.

— நண்டுக் காலையும் கண்ணால அளந்தியா?

— அடிக்கப்போறன் உங்களுக்கு.

— எனக்கு அடிக்காத, கம்பியூட்டரில அடி. எதையாவது அடிச்சி விடு, பார்ப்பம்.

— 'சோதனை' எண்டு அடிக்கிறன். ம்... விட்டிட்டன். என்னமோ 'காத்திருக்கு' எண்டு காட்டுது.

— காத்திருக்கா? ஒருவேளை அட்ரஸ் மாறிட்டோ தெரியா. இந்த ரவுட்டர் சிலநேரம் தன்ட எண்ணத்துக்கு அட்ரஸ மாத்தி வெக்கும். நான் ரவுட்டரடிக்குப் போய்ப் பார்க்கிறன். நீ இன்னொண்டு அடிச்சி விடு.

— என்ன அடிக்க?

— மனசுல வாறத அடி. ஆர் பார்க்கப்போறா?

— மனசுல வாறதா? சரி. 'கால்... பெருத்த... நண்டெல்லாம்... சின்னவளுக்கு.' விட்டிட்டன். இதுவும் காத்திருக்காம். இஞ்சேருங்க, கேக்குதா?

— கேக்குது, கேக்குது. அட்ரஸ் சரியாத்தான் இரிக்கி. இன்னும் ஒண்டு விடு.

— அடிக்கிறன், பொறுங்க.

— கம்சா? என்ன சத்தத்தக் காணல்ல? என்ன அடிக்கிறாய்?

— ஒண்டுமில்ல.

— விட்டிட்டியா?

— விட்டிட்டன். அதுவும் நிக்கிது. இந்த மெஷின் சரிவராது. கடையிலயே போய் அடிச்சிக்கிறன்.

— பொறு, பொறு! கண்டுபிடிச்சிட்டன். நம்மட மெஷினில பிழையில்ல. இஞ்ச இரிந்து அவட மெஷினக் கூப்பிட்டுப் பார்த்தன், பதிலே இல்ல. ஆர்த்திகா தன்ட லெப்டொப்ப நிப்பாட்டிப் போட்டு எங்கயோ போயிட்டாள்.

— ஏறாவூருக்குத் துணி எடுக்கப் போறனெண்டு காலையில சொன்னாள். அவள் நிப்பாட்டினா எனக்கென்ன?

— பிரிண்டர் பூட்டின மெஷின் ஓடினாத்தான் மத்த மெஷினுக்குத் தாள் வரும். அது நித்திரையெண்டா நீ அடிக்கிறதெல்லாம் வரிசையில நிக்கும்.

— அப்ப அவள் கண் முழிச்சாத்தான் நான் கேள்வித்தாள் எடுக்கலாம்? நல்லா இரிக்கி. அம்மாவ வேணுமெண்டாலும் அவட வாசல் கடப்படியில போய் நிக்கணும், தாள் வேணுமெண்டாலும் அவட கடப்படியில போய் நிக்கணும்.

— அவள் வந்து மெஷினப் போட்டா எல்லாம் தன்ட பாட்டுல வந்து விழும். நீ திரும்ப அடிக்கவும் தேவையில்ல.

— எல்லாமா?

— எல்லாந்தான்.

— இஞ்சேருங்க... இவ்வளவு நேரமா நான் விட்டதும்?

— அதுவுந்தான். ஏன்?

— அழிங்க.

— என்ன?

— அழிங்க எண்டுறன்! எழும்பி வாங்க இஞ்சால! அந்த வரிசையில நிக்கிறத எப்பிடி அழிக்கிற?

— என்னத்தக் கம்சா அடிச்சாய்? அந்த நண்டுக் கதையா? அது எனக்கும் கேட்டிச்சே.

— நண்டில்ல, அதுக்குப் பிறகு அடிச்சது. ஐயோ, அவட ஸ்கூட்டிச் சத்தம் கேக்குது!

— வந்தவுடனே லெப்டொப்பயா போடப்போறாள்? தண்ணி கிண்ணி குடிச்சி... ஆ, முதலாவது போயிட்டு.

— நிப்பாட்டுங்க!

— பாஸ்வேர்ட் கேக்குது, பொறு... ரெண்டாவதும் போயிட்டு. கைய எடு கம்சா, நான் அமத்துறன். சே. மூணும் போயிட்டு. வேலை செய்யிது பாத்தியா? முதல் தரத்துலயே சரி!

— உங்கட சரியும் நீங்களும்.

— அக்கோய்! அக்கா! இஞ்ச வேலியடிக்கு வா. அத்தானையும் கூட்டிக்கிட்டு வா.

— வந்திட்டன், சொல்லு ஆர்த்தி. என்னவாம்?

— துணிப் பையக்கூட இன்னும் கீழ வெக்கல்ல. நேர்சரிக்கு ஒரு படம் எடுப்பமெண்டு மெஷினப் போட்டன், அது தானா தாள் தாளாத் துப்புது. வாசிக்கட்டா? 'சோதனை.' நல்லம். அடுத்தது, 'கால் பெருத்த நண்டெல்லாம் சின்னவளுக்கு.'

— அது சும்மா, அத்தான் எதையாவது அடிக்கச் சொன்னவர்.

— நண்டு திண்டா எனக்கு மேலெல்லாம் தடிக்கிறது தெரியாதா அக்கா? அந்தக் காலெல்லாம் ஆருக்குப் போறதெண்டு நினைச்சாய்? உன்ட மகள் ஸ்கூல் விட்டு நேர இஞ்சதானே வாறாள். அம்மாதான் உடைச்சி உடைச்சி ஊட்டுறவ.

— எனக்கு... எனக்குத் தெரியாது. மூணாவது தாள் எங்க? அதக் கிழிச்சிப் போடு ஆர்த்தி. வாசிக்காத.

— என்ட கையில இரிந்தாத்தானே கிழிக்க. பிரிண்டர் இரிக்கிறது அம்மாட கட்டிலடியில. அவதான் குனிஞ்சி எடுத்தா. கண்ணாடியப் போட்டு வாசிச்சா. மறுகா சத்தமா வாசிச்சா. 'அம்மா, ஒரு ராவாவது என்ட வீட்டுல வந்து படுங்க.'

— ஐயோ.

— நான் எத்தின தரம் அவக்கிட்டச் சொன்னன், போய் அக்காவோட ரெண்டு நாள் இரிந்திட்டு வாங்க எண்டு. என்ன சொல்லுவா தெரியுமா? 'அது குடுத்த வீடு. அவள் வாய் திறந்து கூப்பிடாம நான் போய்ப் படுத்தா, குடுத்ததத் திருப்பிக் கேட்ட மாதிரி.'

— நான் கூப்பிடணுமெண்டா இரிந்தவ? இவ்வளவு காலமும்?

— இந்தா, பாயும் தலகாணியுமாக் கடப்படியில நிக்கிறா. 'கடதாசியில கூப்பிட்டது கூப்பிட்டதுதானா எண்டு கேளு' எண்டுறா.

— அம்மா! நில்லுங்க, நான் வாறன்! அந்தப் பாய என்னட்டத் தாங்க!

— ஓடாத கம்சா, வேர் தடக்கும்! பாரன், செருப்புமில்லாம ஓடுறாள்... நீ என்ன புள்ள ஆர்த்தி, முகத்த அங்கால திருப்பிக்கிட்டு நிக்கிறாய்?

— ஒண்டுமில்ல அத்தான். என்ட வீட்டுல இரிந்துக்கிட்டு நாள் முழுக்க 'பெரியவள் இப்பிடிச் சமைப்பாள், பெரியவள் அப்பிடிக் கூட்டுவாள்' எண்டு பறையிறது ஆர் கேக்கிற? நான்தான் கேக்கிற. கதைதான் அங்க போச்சிதெண்டா, இப்ப ஆளும் போயிட்டா.

— ஒரு ராவுக்குத்தானே புள்ள.

— பாய் சுருட்டினதப் பார்த்தா ஒரு ராவுக்குச் சுருட்டின மாதிரியா இரிக்கி? அண்ணன் என்ன சொன்னவர், அம்மா இரிக்கிற வீட்டுலதானே பிரிண்டர்? வாங்க, கழட்டி எடுத்துக்கிட்டுப் போங்க. அக்காட மெஷினில பூட்டி, அம்மாட புதுக் கட்டிலடியில வைங்க. மறுகா நான் இஞ்ச அடிச்சா அங்க விழுற மாதிரிச் செய்து தாங்க அத்தான். எனக்கும் அடிச்சி விட ஒண்டு இரிக்கி.