இரண்டு பேருக்கு ஒரு மூக்கு

லேசான விஸ்கியைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதுவது கஷ்டம் ஐயா. புகை மணக்கிற முரட்டு விஸ்கி என்றால், குவளையைத் தூக்குவதற்குள் அதுவே வந்து முகத்தில் அறைந்து தன் கதையைச் சொல்லிவிடும். லேசானது அப்படியில்லை. வாய்க்குள்ளேயே பேசுகிறவர்கள் மாதிரி. நாம்தான் காதைக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

இருபத்திரண்டு வருஷம் அதுதான் என் வேலை. ஸ்காட்லாந்திலிருந்து வரும் சிங்கிள் மால்ட் விஸ்கிகளை முகர்ந்து, ஒரு வாய் வைத்துத் துப்பி, எதை வாங்கலாம், எதைத் திருப்பி அனுப்பலாம் என்று எங்கள் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் என்னை ‘மூக்கர்’ என்பார்கள். எனக்கும் அதில் பெருமைதான்.

இந்த ஜன்னலைத் திறக்கலாமா? வேண்டாமென்றால் பரவாயில்லை. நடுவில் எழுந்து இரண்டு நடை நடந்தால் தப்பாக நினைக்காதீர்கள். உட்கார்ந்தால் கால் ஓர் இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. அது விட்ட மறுநாள் காலை காபித்தூள் டப்பாவைத் திறந்து முகத்தை உள்ளே விட்டேன். ஒன்றுமில்லை. சோப்பு, ஷூ பாலிஷ், குப்பைக்கூடை என்று வீடு முழுக்க முகர்ந்துகொண்டே அலைந்தேன். என் மனைவி பின்னாலேயே வந்தாள்.

“என்னங்க தேடுறீங்க?”

“வாசனையே தெரியலடி. ஒண்ணுமே தெரியல.”

அவள் பதறவில்லை. நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த சாம்பிள் பாட்டிலைத் திறந்து, கொஞ்சம் ஊற்றி, அவளே முகர்ந்தாள். பன்னிரண்டு வருஷம் பீப்பாயில் கிடந்த லேசான மால்ட்; வைக்கோல் நிறம். “பேரிக்காய்த் தோல்” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “வெயில்ல காயப்போட்ட துணி.” இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டதும், “இப்ப தேன் வருது. ஆனா ரொம்ப தூரத்துலேர்ந்து.”

நான் அப்படியே எழுதிக் கொடுத்தேன். மேலாளர் படித்துவிட்டு, “மூக்கரே, காய்ச்சலுக்கப்புறம் உங்க மூக்கு இன்னும் கூர்மையாயிடுச்சு” என்றார்.

இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. என் பெயர் ஏறிக்கொண்டே போனது. அவள் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. நான் நியாயமாகப் பேசுகிறவன், அதனால் இதையும் சொல்கிறேன்.

போன மாதம் மேலாளர் திடீரென்று, இனி எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சுவைக்கலாம் என்றார். வந்தது அதே லேசான மால்ட்தான், புதுச் சரக்கு. குவளை என் கைக்கு வந்தது. “பேரிக்காய், தேன்” என்றேன். பக்கத்தில் இருந்த தட்டச்சர் அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டார். அந்தப் பாட்டில் கெட்டுப்போயிருந்ததாம். ஊறிப்போன அட்டைப்பெட்டி நாற்றமாம். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

எனக்கு உடம்புக்கு என்ன என்று விசாரிக்க மேலாளர் வீட்டுக்குப் போன் போட்டார். என் மனைவிக்குப் பொய் சொல்ல வராது. உள்ளதைச் சொல்லிவிட்டாள். மறுநாளே அவளை வரவழைத்து ஆறு குவளைகளை வரிசையாக வைத்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது குவளையில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “யாரோ இஸ்திரி போட்ட சட்டையோட உக்காந்து பேரிக்காய் சாப்பிடுற மாதிரி இருக்குங்க.” அறையே சிரித்தது. மேலாளர் கைதட்டினார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அவளுக்கு என் நாற்காலி. எனக்குக் கிடங்கில் பெட்டி அடுக்கும் மேற்பார்வை.

திரும்பி வரும் வழியில், “நீங்க வேணாம்னா நான் போகலங்க” என்றாள். “போயேன், எனக்கென்ன” என்றேன். அவள் அதை நம்பிவிட்டாள். புதுச் செருப்பு வாங்கினாள். பாத்திரம் கழுவும்போது ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். நான் படுக்கையறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுவேன். குளித்துவிட்டு வந்து மறுபடி குளிப்பேன். ஐந்து நாள் இப்படியே.

சனிக்கிழமை காலை அவளுக்குச் சளி பிடித்துக்கொண்டது. “திங்கக்கிழமைக்குள்ள மூக்கு சரியாகணுமே. ஆவி பிடிக்க கொஞ்சம் தண்ணி வெச்சுக் குடுக்குறீங்களா?” என்றாள். அவளாகத்தான் கேட்டாள் ஐயா. கிடங்கில் தரையைச் சுத்தம் செய்கிற திரவம் ஒரு பாட்டில் என் பையில் இருந்தது. புது இடத்தைப் பார்க்கப் போனபோது, வியாழக்கிழமையே எடுத்து வந்திருந்தேன். எதற்கு என்று அப்போது யோசிக்கவில்லை.

கொதித்த தண்ணீரில் ஊற்றினேன். எனக்கு வாசனை தெரியவில்லை. கண்தான் லேசாக எரிந்தது. சளியில் அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. தலையோடு போர்வையைப் போர்த்திவிட்டு, “நல்லா இழு” என்றேன். ஒரு மூச்சுத்தான் இழுத்திருப்பாள். தலையைத் தூக்கப் பார்த்தாள். கை வைத்து அழுத்திக்கொண்டேன். மேசையை நகத்தால் பிராண்டினாள். நூறு வரை எண்ணினேன். அவசரப்படாமல்தான் எண்ணினேன்.

மூக்கு மட்டும் போகட்டும் என்றுதான் நினைத்தேன். தொண்டையும் நுரையீரலும் வெந்துபோகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பாட்டிலில் எழுதியிருந்தது, உண்மைதான். பொடி எழுத்து.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதும் நான்தான். இனி அவளால் பேச முடியாதாம். நேற்று நினைவு திரும்பியதும், ‘அவரை உள்ளே விடாதீங்க’ என்று தாளில் எழுதிக் காட்டினாளாம். மருந்து மயக்கத்தில் எழுதியிருப்பாள். இந்த வாக்குமூலத்தில் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள் ஐயா, சீக்கிரம் போட்டுவிட்டுப் போகிறேன். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?